முகமாலை மண்ணை இன்னும் ஏன் வாரியால் சுரண்டுகிறார்கள்?

கோபாலசமுத்திரம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்து, இப்போது பாளையங்கோட்டையில் டிப்ளமோ படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார்: "எங்க அம்மம்மா காணி இலங்கைல பளைக்குப் பக்கத்துல முகமாலைல இருக்கு. சண்டை முடிஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் வெடி எடுத்து முடியலன்னு சொல்லுதாங்க. போட்டோல பார்த்தா பொம்பளைங்க முட்டி போட்டு உக்காந்து வாரியால மண்ணைச் சுரண்டுதாங்க. டிரோன், ரோபோ, ஏஐ எல்லாம் வந்தாச்சே, ஏன் இப்படி? இதுலயும் அரசியலா? நாங்க திரும்பிப் போனா அந்த மண்ணை நம்பலாமா?"

தம்பி, பணமும் அரசியலும் தாமதத்துக்கு ஒரு காரணம்தான், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் வாரியை, அதாவது நீளக் கைப்பிடியில் பல் வைத்த அந்தக் கருவியைப் பார்த்துவிட்டு, வக்கில்லாமல் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முகமாலை மாதிரி மண்ணில் அதைவிட நம்பகமான கருவி இன்றுவரை கிடைக்கவில்லை. நான் இந்திய ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன். பட்டாளத்தை விட்டு வந்த பிறகு வட இலங்கையின் வன்னியில் கண்ணிவெடி அகற்றும் ஒரு அமைப்பில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில், பட்டாளத்தில் கண்ணிவெடி எடுப்பது வேறு, ஊர் மக்களுக்காக எடுப்பது வேறு. சண்டையில் சாப்பருக்கு வரும் உத்தரவு, விடிவதற்குள் இதற்குள் ஒரு பாதை போடு என்பதுதான். டாங்கிக்கு முன்னால் உருளை கட்டி ஓட்டுவார்கள், நீளக் குழாயில் வெடிமருந்தை அடைத்து முள்கம்பிக்குள் தள்ளி வெடிக்க வைப்பார்கள். அந்தக் குழாய்க்கு உலகம் முழுக்க இன்றைக்கும் பெங்களூர் டார்ப்பிடோ என்றுதான் பெயர், 1912-ல் பெங்களூரில் எங்கள் சாப்பர்ஸில் இருந்த மெக்ளின்டாக் என்ற கேப்டன் உருவாக்கியது. பாதை ஒரு வண்டி போகிற அகலம் இருந்தால் போதும். நூற்றுக்கு எண்பது வெடி போனால்கூடப் படை நகர்ந்துவிடும், மிச்சத்தில் ஒரு வண்டி போய்விட்டால் அது யுத்தக் கணக்கில் சேரும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் அம்மம்மாவைத் தோட்டத்துக்கு அனுப்ப முடியுமா? சண்டை முடிந்த பிறகு மக்களுக்காகச் செய்கிற வேலையில், சொன்ன எல்லைக்குள், சொன்ன ஆழம் வரைக்கும் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. நூற்றுக்கு எண்பது எடுப்பது சீக்கிரம் முடிந்துவிடும். நேரம் முழுக்க அந்தக் கடைசி ஒன்றைத் தேடுவதில்தான் போகிறது, அதுவும் அப்படி ஒன்று அங்கே இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல்.

மிதிவெடிக்கு மிதிப்பவர் யார் என்று தெரியாது. நம் களக்காடு, கடையம் மாதிரி மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைக்கிற வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பன்றிக்கு வைத்ததை மேய வந்த பசு கடித்து வாய் சிதறி நிற்கும். மிதிவெடிக்கும் அதே குணம், வைத்தவன் மறந்துபோன பிறகும், வைத்தவனே செத்துப்போன பிறகும் அது காத்துக்கொண்டிருக்கும் என்பதுதான் கூடுதல். 2023-ஆம் ஆண்டில் மட்டும் கண்ணிவெடியாலும் போர் விட்டுப்போன மற்ற வெடிபொருட்களாலும் உலகம் முழுக்க 5,757 பேர் இறந்தோ காயப்பட்டோ இருப்பதாகக் கண்ணிவெடிக் கண்காணிப்பு அறிக்கை சொல்கிறது. இன்னார் என்று தெரிந்தவர்களில் நூற்றுக்கு 84 பேர் சாதாரண மக்கள். அந்த ஆண்டு அதிகம் அடிபட்டது மியான்மர், ஆயிரம் பேருக்கு மேல்.

கண்ணிவெடி மட்டும்தான் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். விழுந்தும் வெடிக்காமல் கிடக்கிற குண்டு, ஷெல், கையெறிகுண்டு எல்லாமே இந்த வேலைக்குள் வருகிறது. லாவோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்ன நாட்டின் மேல் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. அதில் கொத்துக் குண்டுக்குள் இருந்த சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, கிட்டத்தட்ட எட்டுக் கோடி, வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. டென்னிஸ் பந்து அளவில் உருண்டையாக இருக்கும், பிள்ளைகள் எடுத்து விளையாடத் தோன்றும். போர் முடிந்து ஐம்பது வருடம் ஆன பிறகும் அங்கே வயல் வெட்டும்போது, சமைக்க நெருப்பு மூட்டும்போது வெடிக்கிறது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப் போரின் ஷெல்கள் இன்னும் ஒவ்வொரு உழவுக்கும் மேலே வருகின்றன. வெர்டன் பக்கம் நூறு வருடமாகக் காட்டுக்கு விட்டுவிட்ட நிலம் இருக்கிறது, அவ்வளவு பணம் இருக்கிற நாட்டில்.

சரி, வாரிக்கு வருவோம். எல்லோரும் மெட்டல் டிடெக்டரைத்தான் நினைப்பார்கள், உலகத்தில் பாதி இடங்களில் அதுதான் நடக்கிறது. ஆனால் முகமாலையில் கிடக்கிற பி4 என்கிற பாகிஸ்தான் தயாரிப்பு உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பா. அதில் உள்ள உலோகம் ஒரு சின்ன ஸ்பிரிங், ஒரு ஊசிமுனை, அவ்வளவுதான். அதைப் பிடிக்க வேண்டுமானால் டிடெக்டரின் உணர்திறனை ரொம்ப ஏற்றி வைக்க வேண்டும், ஏற்றினால் துருப்பிடித்த ஆணிக்கும் கத்தும். மண்ணிலேயே இரும்பு இருந்துவிட்டால் இன்னும் மோசம். நம் குட்டம் தேரி மாதிரி சிவந்த மண்ணில் டிடெக்டரைப் பிடித்தால் மண்ணே சத்தம் கொடுக்கும், அங்கோலாவிலும் கம்போடியாவிலும் செம்மண் பகுதிகளில் அதுதான் தலைவலி. அதற்காக மண்ணின் சத்தத்தைக் கழித்துவிடும் டிடெக்டர்கள் வந்தன, நிலத்தடி ரேடாரும் சேர்ந்த டிடெக்டர்களும் வந்தன, நிறைய இடங்களில் வேலையைச் சுலபமாக்கியும் இருக்கின்றன. முகமாலையில் பிரச்சினை வேறு. கிளாலியிலிருந்து முகமாலை வழியாக நாகர்கோவில் வரை (நம் குமரி மாவட்டத்து நாகர்கோவில் இல்லை, யாழ்ப்பாணத்துக் கிழக்குக் கரையில் உள்ளது) குடாநாட்டைக் குறுக்கே வெட்டி ஓடியது முன்னரங்கு. 2000-க்குப் பிறகு 2009 தொடக்கம் வரை இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து, ஷெல் அடித்து, வெடி புதைத்து, ஒருவர் புதைத்ததன் மேல் இன்னொருவர் புதைத்த இடம். ஒவ்வொரு அடி மண்ணிலும் ஷெல் சிதறல், தோட்டாக் கூடு, முள்கம்பித் துண்டு. அங்கே டிடெக்டர் வாயே மூடாது. எல்லா இடத்திலும் சத்தம் வந்தால் எந்த இடத்திலும் சத்தம் வராததற்குச் சமம்.

அதனால் மண் முழுவதையும் தோண்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. அப்படித் தோண்ட இலங்கையிலேயே உருவாகி வளர்ந்த முறைதான் இந்த வாரி. மிதிவெடி மேலிருந்து அழுத்தினால்தான் வெடிக்கும் என்பதை வைத்து யோசித்த முறை. வேலை ஆரம்பிக்கிற இடத்தில், ஏற்கனவே சரிபார்த்த மண்ணில் ஒரு குழி எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்தக் குழியின் செங்குத்தான சுவரை, அடியிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுப்பார்கள். முதலில் கனமான வாரி மண்ணை உடைக்கும், அடுத்து இலகுவான வாரி அதை அள்ளும். இப்படிப் போனால் மண்ணுக்குள் இருக்கிற வெடியின் பக்கவாட்டில்தான் வாரியின் பல் முதலில் படும், தலையில் படாது. கைப்பிடி நீளமாக இருப்பதால் ஒருவேளை தவறி வெடித்தாலும் கைக்கும் முகத்துக்கும் தூரம் இருக்கும்.

நான் பார்த்த ஒரு அக்காவின் வேலையைச் சொல்கிறேன், நீங்கள் போட்டோவில் பார்த்தது என்ன என்று புரியும். ஒரு மீட்டர் அகலப் பாதை, இரண்டு பக்கமும் குச்சி நட்டுக் கயிறு, முன்னால் குறுக்கே சிவப்புப் பெயின்ட் அடித்த கம்பு. அந்தக் கம்புக்கு அந்தப் பக்கம் கை நீளும், முட்டி போகக் கூடாது. முகம் முழுக்க மூடும் கனத்த கண்ணாடிக் கவசம், கழுத்திலிருந்து தொடை வரை தொங்கும் கவச உடை, பங்குனி வெயிலில் உள்ளே வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்கக்கூட முடியாது, எழுந்து பின்னால் போய்த்தான் கழற்ற வேண்டும். முதலில் கண்ணால் பார்ப்பார், அப்புறம் இடறு கம்பி எதுவும் இருக்கிறதா என்று மெல்லிய குச்சியை நீட்டித் தடவுவார், அப்புறம் புல்லைக் கத்தரியால் ஒரு பிடி ஒரு பிடியாக வெட்டிப் பின்னால் போடுவார். இவ்வளவுக்குப் பிறகுதான் வாரி. மண் சரியும், பனை வேர் வரும், ஷெல் சிதறல் வரும், ஒவ்வொன்றையும் எடுத்து வாளியில் போடுவார். அன்றைக்கு மண் சுவரில் நகம் அளவுக்கு ஒரு பச்சை விளிம்பு தெரிந்தது. வாரியை மெல்லக் கீழே வைத்தார், கையைத் தூக்கினார், வந்த வழியே பின்னால் வந்துவிட்டார். தொடவே இல்லை. மேற்பார்வையாளர் போய்ப் பார்த்து உறுதி செய்து குறி வைத்தார். வெடியைத் தூக்கிக்கொண்டு வருவது சினிமாவில் நடக்கும், இங்கே அதன் பக்கத்தில் வெடிமருந்து வைத்துக் கிடந்த இடத்திலேயே அழிப்பதுதான் வழக்கம். அந்த அக்கா தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பாதையில் போய் முட்டி போட்டார். கணவர் சண்டையில் இறந்தவர், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பது இந்தச் சம்பளம்தான். அங்கே வேலை செய்கிறவர்களில் கணிசமான பேர் இப்படிக் குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிற பெண்கள். அவர்களைப் பாவம் என்று பார்ப்பவர்கள் அவர்கள் வேலையை ஒரு நாள் பார்க்க வேண்டும். பட்டாளத்தில் அவ்வளவு ஒழுங்கை நான் எல்லோரிடமும் கண்டதில்லை.

இந்த வேகத்தில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு முடிப்பார்? மண்ணையும் செடியையும் பொறுத்தது, இருபது முப்பது சதுர மீட்டர் என்றால் நல்ல நாள். நம் கணக்கில் அரை சென்ட், முக்கால் சென்ட். ஒரு ஏக்கர் நூறு சென்ட் என்றால் ஒரு ஆளுக்கு எத்தனை மாதம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு மிதிவெடியைத் தயாரிக்க மூன்று டாலர் போதும், அதை எடுக்க 300 முதல் 1,000 டாலர் வரை ஆகும் என்று ஐ.நா. சொல்லிவந்த கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. வெடிக்கு ஆகும் செலவு அல்ல அது, வெடி இல்லாத அத்தனை மண்ணையும் கிளறிப் பார்க்கிற கூலி.

மெஷின் ஏன் இல்லை என்றால், இருக்கிறது. சங்கிலியைச் சுழற்றி மண்ணை அடிக்கிற வண்டி, கவசம் போட்ட ஜேசிபி, எல்லாம் உண்டு. திறந்த வெளியில் புதரை ஒழிக்கவும் மண்ணைத் தளர்த்தவும் அருமையானவை. ஆனால் அடித்துப் போகும்போது சில வெடி வெடிக்காமல் உடைந்து, பாதி மருந்தோடு சிதறும், சில ஓரத்துக்குத் தள்ளப்படும். பின்னாலேயே ஆள் போய்ச் சரிபார்த்துத்தான் ஆக வேண்டும். நாய்கள் வேறு மாதிரி, அவற்றுக்கு உலோகம் வேண்டியதில்லை, வெடிமருந்தின் வாசமே போதும். எலிகளும் அப்படித்தான். தான்சானியாவின் மொரோகோரோவில் அபோபோ என்ற அமைப்பு ஆப்பிரிக்கப் பெரிய எலிகளைப் பழக்குகிறது. கழுத்தில் பட்டை கட்டிக் கயிற்றில் ஓடும், ஒன்றரைக் கிலோ எடைகூட இல்லாததால் மிதித்தாலும் வெடிக்காது. டிடெக்டர் வைத்திருக்கிற ஆளுக்கு நான்கு நாள் வரை ஆகிற ஒரு டென்னிஸ் மைதான அளவு நிலத்தை அரை மணி நேரத்தில் முகர்ந்து முடித்துவிடும். கம்போடியாவில் வேலை செய்த மகாவா என்ற எலிக்கு 2020-ல் பிரிட்டனின் விலங்குநல அமைப்பு ஒன்று தங்கப் பதக்கம் கொடுத்தது. ரோனின் என்ற இன்னொன்று நூறு கண்ணிவெடிக்கு மேல் கண்டுபிடித்து 2025-ல் கின்னஸில் ஏறியது. ஆனால் எலி காட்டுகிற இடத்தைத் தோண்டுவது மனிதர்தான். முகமாலை மாதிரி வெடிமருந்து மண்ணெல்லாம் ஊறிக் கிடக்கிற இடத்தில் மூக்கும் திணறும்.

டிரோனையும் குறைத்துச் சொல்லவில்லை. புதருக்கு மேலே பறந்து பதுங்குகுழி வரிசையை, பழைய மண் அணையை, மேலே கிடக்கிற வெடிகளைப் படமெடுத்துக் கொடுத்தால் ஒரு வாரம் நடந்து பார்க்கிற வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். உக்ரைனில் அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரே அலசுகிறது. அது 'எங்கே தேட வேண்டும்' என்பதற்கு விடை. மண்ணுக்கு அடியில் அரை ஜாண் ஆழத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இல்லை என்று கையெழுத்துப் போட இன்றைக்கு எந்த டிரோனாலும் முடியாது.

எங்கே தேட வேண்டும் என்பதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல், வெளியே இருப்பவர்கள் கவனிக்காத பகுதியும் அதுதான். சந்தேகம் என்று சிவப்பு மை பூசிய நிலத்தில் பெரும்பகுதியில் ஒரு வெடிகூட இருக்காது. யாரோ ஒருவர் எங்கோ கால் இழந்தார் என்பதால் சுற்றி இருக்கிற நூறு ஏக்கரையும் ஊர் கைவிட்டிருக்கும். அதனால் முதலில் கருவி எதுவும் இல்லாமல் நோட்டுப் புத்தகத்தோடு போவார்கள். ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், தேன் எடுக்கப் போகிறவர், முன்னாள் போராளி, ஓய்வு பெற்ற சிப்பாய் எல்லோரிடமும் உட்கார்ந்து பேசுவார்கள். மாடு எங்கே செத்தது, எந்தப் பக்கம் ஆடுகள் வருடக்கணக்காக மேய்கின்றன, முள்கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, யார் எந்த வருடம் எந்த மரத்தடியில் காவல் இருந்தார்கள். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும், விறகுக்கும் தண்ணீருக்கும் போகிற பாதை அவர்களுக்குத்தான் தெரியும், ஆண்கள் சூழ உட்கார்ந்திருந்தால் பேச மாட்டார்கள். ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் கைக்கம்பால் மண்ணில் கீறிக் காட்டிய கோடு ராணுவ வரைபடத்தைவிடத் துல்லியமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்படிக் கேட்டு, ஒப்பிட்டு, ஆதாரத்தோடு சந்தேகம் இல்லாத நிலத்தை விடுவித்த பிறகு மிஞ்சுவதில்தான் வாரி இறங்க வேண்டும். உக்ரைனில் வெடி இருக்கலாம் என்று முதலில் சொன்ன பரப்பு 1,74,000 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டைவிடப் பெரியது. 2024 கடைசிக்குள் அது சுமார் 1,39,000-ஆகக் குறைந்தது, அதில் பெரும் பங்கு இந்த மாதிரி ஆய்வுக்குச் சேரும்.

முடிவே இல்லாத வேலையோ என்று மனம் தளர வேண்டாம், முடித்த நாடுகள் இருக்கின்றன. நேபாளம் 2011-ல் முடித்தது. மொசாம்பிக்கில் நூறு இருநூறு வருடம் ஆகும் என்று பேசியவர்கள் உண்டு, 2015 செப்டம்பரில் தெரிந்த கண்ணிவெடிப் பகுதி எதுவும் மிச்சமில்லை என்று அறிவித்தார்கள். 1982 சண்டையில் அர்ஜென்டினா ஃபாக்லாந்துத் தீவுகளில் புதைத்தவற்றை 2020 நவம்பரில் எடுத்து முடித்தார்கள். கடற்கரை மணலில் குளிரில் முட்டி போட்டு அதை எடுத்தவர்களில் மிகப் பலர் ஜிம்பாப்வேக்காரர்கள், சொந்த நாட்டு எல்லையில் 1970-களின் வெடிகள் இன்னும் கிடக்க அங்கே போய் வேலை செய்தவர்கள். அங்கோலாவின் ஹுவாம்போவில் 1997 ஜனவரியில் டயானா கவச உடையோடு நடந்தாரே, அந்த இடம் இன்று வீடும் பள்ளியும் கடையுமாக ஒரு தெரு.

இனி அரசியல். டயானா நடந்த அதே வருடம் டிசம்பரில் ஒட்டாவாவில் மனிதருக்கு எதிரான கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது, அதற்காக உழைத்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் அமைதி நோபல் கிடைத்தது. 160-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன, கிடங்குகளில் இருந்த ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள் அழிக்கப்பட்டன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் சேரவில்லை. நாமும் சேரவில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு ராஜஸ்தான், பஞ்சாப் எல்லையில் விவசாய நிலங்களில் நாமே பெரிய அளவில் புதைத்தோம். புதைக்கும்போதும் எடுக்கும்போதும் நம் சிப்பாய்கள் செத்தார்கள், கால் இழந்தார்கள், விவசாயிகளும்தான். சாப்பராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தியா கையெழுத்திட வேண்டும். எல்லையைக் காக்க மிதிவெடி தேவை என்ற வாதம் எனக்குத் தெரியும், அதைவிட அந்த எல்லையில் உழுகிறவன் நம் ஆள் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. இப்போது காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. ரஷ்யப் பயத்தில் லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் 2025-ல் ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. அவர்கள் பயம் பொய்யில்லை. ஆனால் இன்றைக்குப் புதைப்பதை முப்பது வருடம் கழித்து முட்டி போட்டு எடுக்கப் போகிறது அவர்கள் பேரப்பிள்ளைகள்தான்.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது, அதன்படி 2028 ஜூன் 1-க்குள் முடிக்க வேண்டும். வெளிநாட்டு அமைப்புகளான ஹாலோ டிரஸ்ட், மேக், உள்ளூர் அமைப்புகளான டாஷ், ஷார்ப், அப்புறம் ராணுவத்தின் பிரிவு, எல்லாம் வேலை செய்கின்றன. 2009-க்குப் பிறகு நம் அரசும் இந்தியக் குழுக்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பியது. ஆனால் பெரும்பணம் வெளிநாட்டிலிருந்து வருவது. உலகத்திலேயே இந்த வேலைக்கு அதிகம் கொடுத்துவந்த அமெரிக்கா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும் பல நாடுகளில் பழகிய ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. உங்கள் 'அரசியலா' என்ற கேள்விக்கு நேர்மையான விடை இதுதான்: வாரி மெதுவாகப் போவது மண்ணால், வாரி பிடிக்கும் கைகள் குறைவது பணத்தால்.

ஆபத்தும் மண்ணில் மட்டும் இல்லை. 2021 ஜூனில் ஆப்கானிஸ்தானின் பக்லான் மாகாணத்தில், வேலை முடிந்து முகாமில் இருந்த ஹாலோ ஊழியர்கள் பத்துப் பேரை இரவில் துப்பாக்கியோடு வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். பத்துப் பேரும் ஆப்கானியர்கள்.

நமக்கு இங்கே இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. உலகம் முழுக்க வெடிக்காத குண்டில் அடிபடுகிறவர்களில் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் அதிகம், அந்த இரும்பு கப்பலேறியும் வரும். 2004-ல் காசியாபாத் பக்கம் ஒரு இரும்பாலையில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த ஷெல் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள், அதற்குப் பிறகுதான் கப்பலேற்றும் முன்பே பரிசோதனைச் சான்று வேண்டும் என்ற விதி இறுகியது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் பழைய இரும்பு வருகிறது. யார்டில் வேலை பார்க்கும் பையன்கள் யாராவது இதைப் படித்தால், உருளையாக, ஒரு முனை கூம்பாக, செப்புப் பட்டை சுற்றியதாக எது கிடைத்தாலும் கட்டரை வைக்காதீர்கள், தள்ளி நின்று போலீஸுக்குச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் அம்மம்மாவின் காணி. வெடி எடுத்து முடித்துக் கையளித்த நிலம் என்றால் நம்பலாம், நான் நடப்பேன், என் பிள்ளைகளையும் நடக்க விடுவேன். ஆனால் கையளித்ததா என்பதைக் காகிதத்தில் பார்க்க வேண்டும், பக்கத்துக் காணிக்காரர் சொன்னார் என்பது போதாது. பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகத்தில் கிராம அலுவலர் மூலம் கேளுங்கள், கிளிநொச்சியில் பிராந்திய கண்ணிவெடி அலுவலகம் இருக்கிறது, எந்த எல்லை வரை, எந்தத் தேதியில், எந்த ஆழத்துக்கு எடுத்தார்கள் என்று வரைபடத்தோடு காட்டுவார்கள். ஆழத்தைக் கட்டாயம் கேளுங்கள். சர்வதேசத் தரத்தில் பொதுவாகச் சொல்லப்படுவது 13 செ.மீ., இடத்துக்கு இடம் கூடும். மிதிவெடிக்கு அது போதும், உழவுக்கும் பெரும்பாலும் போதும். ஆனால் பளைப் பக்கம் தென்னை வைப்பீர்கள், தென்னங்குழி மூன்று அடி, கிணறு அதற்கும் கீழே, ஆழத்தில் ஷெல் கிடக்கலாம். குழி எடுக்கப் போகிற இடங்களை முன்கூட்டியே சொல்லி ஒரு தடவை பார்த்துத் தரக் கேட்பதில் தப்பில்லை. பழைய பங்கர், மண் அணை, தூர்ந்த கிணறு, இவற்றில் நீங்களாக இறங்க வேண்டாம், விட்டுப்போன தோட்டாவையும் குண்டையும் கொட்டி மூடிய இடங்கள் அவை. காணியைத் துப்புரவு பண்ணுகிறேன் என்று புதருக்கும் பனையோலைக்கும் தீ வைக்க வேண்டாம், மண்ணில் எது கிடக்கிறதோ அது சூடேறி வெடிக்கும், அப்படி அடிபட்டவர்கள் உண்டு.

ஏதாவது தென்பட்டால் தொடாதீர்கள், கல்லெறிந்து பார்க்காதீர்கள், வந்த காலடியிலேயே திரும்புங்கள், தூரத்தில் தெரிகிற மாதிரி ஒரு துணியைக் கட்டிவிட்டு 119-க்கு அடித்துச் சொல்லுங்கள். அம்மம்மாவையும் உங்களோடு கூட்டிக்கொண்டு போக முடிந்தால் நல்லது, வேலி எங்கே இருந்தது, வாசல் கிணறு எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். முடியாவிட்டால் போகும் முன் அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், காணி உறுதியின் நகலையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். முன்னரங்கு ஓடிய ஊரில் வேலி, மரம் எதுவும் மிஞ்சியிருக்காது, இந்த இரண்டும் இல்லாமல் கண்ணிவெடி அலுவலகத்தின் வரைபடத்தில் உங்கள் காணி எது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.